அழைக்கப்பட்டாள், வரவில்லை

நவம்பர் 5, திங்கள்

இன்று வீட்டின் அபாய மணி அலறிவிட்டது. தப்பு என்னுடையது. குழந்தை நிறைமதியின் துணிகளை வெயிலில் போடலாமே என்று பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். தம்பி கபிலனும் அவன் மனைவி ஸ்வர்ணாவும் வேலைக்குக் கிளம்பும்போது மணியை முடுக்கிவிட்டுத்தான் போவார்கள். அது மறந்துவிட்டது. அணைக்க நாலு எண்கள் அழுத்த வேண்டும். எனக்கு அந்த எண்கள் தெரியாது. வந்த நாளிலிருந்து சொல்லித் தருகிறேன் என்கிறான் கபிலன். வேலை மும்முரத்தில் மறந்துபோகிறான்.

பக்கத்து வீட்டு அம்மாள் புல்வெளியைக் கடந்து ஓடி வந்தார். கறுப்பின அம்மாள், எழுபது வயதிருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம். கபிலன் அலுவலகத்திலிருந்து கைப்பேசி வழியாக மணியை நிறுத்தும்வரை குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார். பெயர் வெர்னீஸ் டாலிவர். தெருவில் எல்லோரும் மிஸ் வெர்னீஸ் என்று கூப்பிடுவார்களாம். நான் பேராவூரணியில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உதவியாளர், பழைய பத்திரங்கள் வாசித்துப் பழகியவள், இருபத்திரண்டு வருட சர்வீஸ், தம்பி மனைவியின் பிரசவத்துக்காக லீவு போட்டு ஜூனில் வந்தேன் என்றேன். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டார். டிசம்பரில் என்றேன்.

சாயங்காலம் கபிலன், “தெரியாதவங்களுக்குக் கதவத் தொறக்காதக்கா. இது நம்ம ஊர் இல்ல” என்றான். நான் கதவைத் திறந்த பிறகுதான் அந்த அம்மாள் வந்தார் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பாவம், களைத்து வந்திருந்தான்.

நவம்பர் 9, வெள்ளி

ரசம், பீன்ஸ் பொரியல். நிறைமதிக்கு லேசான சளி. வெளியே போகவில்லை. போக நடைபாதையும் இல்லை இந்த ஊரில்.

நவம்பர் 14, புதன்

மிஸ் வெர்னீஸ் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார். மணி முடுக்கியிருந்ததால் சமையலறை ஜன்னல் பக்கம் வரச் சொன்னேன். கொசுவலைச் சட்டத்தைக் கழற்றினால் ஒரு கை நுழையும் அளவுக்கு வழி இருக்கிறது. குழந்தைக்குக் காற்று ஆகாது, அதனால் கதவைத் திறப்பதில்லை என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காகிதங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தார்.

பழைய பத்திரங்கள் வாசித்துப் பழகியவள் என்று நான் அன்றைக்குச் சொன்னது அவருக்கு நினைவிருந்திருக்கிறது. அவர்கள் குடும்பத்தின் முதல் பெண், அமெரிக்கா என்றொரு நாடு உருவாவதற்கும் முன்னால் இந்த மேரிலாண்ட் கரைக்கு வந்தவள், யார் என்று தெரிய வேண்டுமாம். ஏப்ரலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி, தேவாலயத் தோட்டத்தில் அவளுக்கு ஒரு கல் நாட்டப்போகிறார்கள். கல்லில் என்ன எழுதுவது என்பதில் சண்டை. அவருடைய அத்தை எழுதி வைத்த நோட்டில், அவள் செவ்விந்திய அரசகுமாரி. குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில், “ஹன்னா, 1742இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டாள்.” ஜோசியா ப்ரூட்டன் என்ற பண்ணைக்காரனின் 1709ஆம் வருட உயிலில், “இந்தியப் பெண் ஹன்னா, ஆயுளுக்கும் அடிமை.” கவுண்டி, அதாவது மாவட்டக் கோர்ட்டின் பதிவேடுகளுக்குத் தட்டச்சு செய்த அட்டவணையில் 1701க்கு நேராக ஒரே வரி: “பெயரற்றவள், கிழக்கிந்தியப் பெண், மனு.”

ஒருவருக்கே நாலு பிறப்பு. எங்கள் அலுவலகத்தில் இது தினமும் நடக்கிற கதை.

கிழக்கிந்தியர் என்றால் கிழக்குக் கடற்கரையில் இருந்த செவ்விந்தியர் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இல்லை, அந்தக் காலத்தில் அப்படி எழுதினால் எங்கள் பக்கத்தைச் சொல்வார்கள் என்றேன். அவர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை அழுததால் நான் உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 26, திங்கள்

ஸ்வர்ணா மறுபடி முழு நேர வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். காலை ஆறரையிலிருந்து மாலை ஏழு வரை நானும் நிறைமதியும்தான். குப்புற விழக் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்படியே எத்தனை நாள் என்று கேட்டால் கபிலன், “ஒன்ன மாதிரி யாரு பாத்துப்பா? டேகேர்ல விட்டா எனக்கு வேலையே ஓடாதுக்கா” என்கிறான். அம்மா அப்பா போனபோது அவனுக்குப் பதினாலு வயது. எனக்கு இருபத்தாறு. அப்பாவின் வேலை எனக்கு வந்தது, அவனும் எனக்கு வந்தான். அந்த நினைப்பில் சொல்கிறான்.

டிசம்பர் 8, சனி

விசா நீட்டிப்புக்கு விண்ணப்பம் போடலாம் என்றான் கபிலன். பிப்ரவரி வரைக்கும் மட்டும். அலுவலகத்துக்கும் லீவு நீட்டிப்பு அவனே அனுப்பிவிடுவதாகச் சொன்னான். ஆறேழு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நிறைமதி இடுப்பில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். கடைசித் தாளின் பாதியை அவன் கை மறைத்திருந்தது. “இதுவும் அதேதான்க்கா” என்றான்.

பிப்ரவரி என்றால் இன்னும் பதினொரு வாரம். குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிவிடும். எனக்கும் விட்டுப் போக மனசு வராதுதான்.

டிசம்பர் 12, புதன்

அட்டவணையை நம்பாதீர்கள், மூலத்தைக் கொண்டுவாருங்கள் என்று மிஸ் வெர்னீஸிடம் சொல்லியிருந்தேன். அட்டவணை 1930களில் யாரோ ஒருவர் தட்டச்சு செய்தது. இருநூற்றுச் சொச்சம் வருடத்துப் பழைய கிறுக்கலை வாசித்து, சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க நினைத்தவர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும். இன்று அவர் கவுண்டி நூலகத்திலிருந்து மூலத்தின் படங்களைத் தன் டேப்லெட்டில் இறக்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

முதல் பக்கம் பிடிபட ஒரு மணி நேரம் ஆனது. அந்த எழுத்தர் எல் எழுத்தைக் கொக்கி போல வளைக்கிறார், கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்துவிடுகிறார். அது தெரிந்ததும் மற்றது தானாக வந்தது. தட்டச்சு செய்தவர் “அன்நேம்ட்”, அதாவது பெயரற்றவள், என்று வாசித்த இடத்தில் மூலத்தில் இருப்பது வேறு. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்: யூ, என், என், ஏ, எம், ஏ, எல், வை.

அது பெயர். உண்ணாமலை.

“இதை வைத்து அவள் எங்கள் ஊர்க்காரி என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று மிஸ் வெர்னீஸிடம் சொன்னேன். “ஆனால் எங்கள் பக்கத்தில் இப்படிப் பெயர் வைப்பார்கள். அதை வெள்ளைக்கார எழுத்தர் ஒருவர் காதால் கேட்டு எழுதினால் இப்படித்தான் எழுதியிருப்பார்.”

அவர் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ளகரமா லகரமா என்று கேட்பது போல என் வாயையே பார்த்தார். நாலாவது தடவை சரியாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிர்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் இதைக் கபிலனிடம் சொன்னேன். நல்லாயிருக்குக்கா என்றான், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிசம்பர் 21, வெள்ளி

மனு முழுவதையும் வாசித்து எழுதிக் கொடுத்துவிட்டேன். சாரம் இதுதான்.

உண்ணாமலை, இப்போது ஹன்னா என்று அழைக்கப்படுபவள். சென்னைப்பட்டணத்துக் கோட்டையில் இருந்த ஒரு கப்பல் தலைவனின் மனைவி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக இவளைக் கப்பலில் கூட்டி வந்தாள். குழந்தை வளர்ந்ததும் திரும்பும் கப்பலில் அனுப்பி வைப்பதாக வாக்கு. குழந்தை வளர்ந்தது. அந்த அம்மாள் காய்ச்சலில் இறந்துபோனாள். கப்பல் தலைவன் இவளை ப்ரூட்டனிடம் ஏழு வருட ஊழியத்துக்கு ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். ஏழு வருடம் முடிந்து இரண்டு வருடமும் ஆகிவிட்டது. ப்ரூட்டன் விட மறுக்கிறான். கனம் கோர்ட்டார் தன்னை விடுவிக்க வேண்டும்.

கீழே ஒரு குறி. கையெழுத்துத் தெரியாதவர்கள் போடுவது. நம் ஊரில் கைநாட்டு.

குழந்தைக்குப் பல் முளைக்கிறது போலிருக்கிறது. ஜொள்ளு ஊற்றுகிறது.

ஜனவரி 9, புதன்

ஜெபராணி கைப்பேசியில் கூப்பிட்டாள். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி. எடுத்ததுமே, “என்னக்கா, ஒரு வார்த்த சொல்லல. இங்க எல்லாரும் கேக்குறாங்க” என்றாள். என்ன என்றேன். “விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்திருக்கீங்களே. டிசம்பர் முப்பத்தொண்ணு தேதி போட்டு வந்துருக்கு. மூணு மாச நோட்டீஸ் மார்ச் முப்பத்தொண்ணோட முடியுது, அதோட சர்வீஸும். நாந்தான் பைல் போட்டேன்.”

ஆமாம், மறந்துவிட்டேன், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 10, வியாழன்

உப்புமா. சாம்பார்.

ஜனவரி 11, வெள்ளி

ஜெபராணி அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். என் கையெழுத்துதான். மங்கையர்க்கரசி, வழக்கம் போலக் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு. தாளின் மேல்பாதியில் இருப்பது எனக்குப் புதியது. குடும்பச் சூழ்நிலை காரணமாக, முழு மனதுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி.

எத்தனை பேரை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கண் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். என் கையெழுத்தை நானே வாசிக்காமல் போட்டிருக்கிறேன். இதில் இன்னொருவரைச் சொல்லி என்ன.

கபிலன் என் நல்லதுக்குத்தான் செய்திருப்பான். தனியாக அங்கே எதற்கு இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பான்.

ஜனவரி 19, சனி

கபிலனிடம் இன்னும் பேசவில்லை. பேசலாம் என்று போகும்போதெல்லாம் குழந்தையை என்னிடம் கொடுத்துவிடுகிறான்.

ஜனவரி 26, சனி

ஸ்வர்ணா வீட்டில் இருந்தாள். தானே கேட்டுக் கபிலனைச் சம்மதிக்க வைத்து, என்னை மிஸ் வெர்னீஸோடு கவுண்டி நூலகத்துக்கு அனுப்பினாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் குழந்தை இல்லாமல் வெளியே போனேன். இடுப்பில் ஒன்றும் இல்லாமல் நடப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

நீதிமன்றப் பதிவேட்டை வரிசையாகப் பார்த்தோம். 1701 மார்ச் அமர்வில் மனு. எதிராளி வரவில்லை, அடுத்த அமர்வுக்கு ஒத்திவைப்பு. ஜூன் அமர்வில் ப்ரூட்டன் உடல்நிலை சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறான், மறுபடி ஒத்திவைப்பு. ஆகஸ்ட் அமர்வில் இரண்டே வரி. “மனுதாரர் அழைக்கப்பட்டாள், வரவில்லை. மனு தள்ளுபடி.”

மிஸ் வெர்னீஸ் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கோர்ட்டிலிருந்து தலைநிமிர்ந்து நடந்து வெளியே வந்தவள் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். ஏன் வராமல் போனாள், பயந்துவிட்டாளா என்று கேட்டார்.

நான் அதே நாளின் மற்ற பக்கங்களைப் புரட்டினேன். ஒரு நாளில் நடந்ததை எல்லாம் பார்க்காமல் ஒரு பதிவைப் பற்றிச் சொல்லக் கூடாது. அன்று இன்னொரு வழக்கில் பன்னிரண்டு ஜூரிகளின் பெயர்கள் இருந்தன. ஏழாவது பெயர் ஜோசியா ப்ரூட்டன். அவன் அன்று கோர்ட்டில் இருந்தான். அவன் பண்ணை அங்கிருந்து பதினாலு மைல். குதிரை அவனுடையது. படகு அவனுடையது. அவன் வந்தால் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்?

அவள் பயந்திருக்க மாட்டாள். அவளை யாரும் கூட்டி வரவில்லை. அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் காரில் மிஸ் வெர்னீஸ் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உன் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று. தம்பி பத்திரமாக பேங்க் லாக்கரில் வைத்திருக்கிறான் என்றேன்.

ஜனவரி 31, வியாழன்

மிஸ் வெர்னீஸ் ஜன்னலுக்கு வந்தார், வெளியே முழங்கால் அளவு பனி. நூலகத்திலிருந்து இன்னொரு பதிவைத் தேடி எடுத்து வந்திருந்தார். பைபிள் சொன்ன 1742. நாங்கள் பார்த்திருந்தது 1701 மட்டுமே.

அந்தப் பதிவில் இருக்கிற ஹன்னா வேறு ஹன்னா. உண்ணாமலையின் மகள். அவள் மனு போட்டிருக்கிறாள். அம்மா கிழக்கிந்தியப் பெண், அடிமை இல்லை, ஒப்பந்தத்தில் வந்தவள், ஆகவே நானும் அடிமை இல்லை என்கிறாள். அதற்கு ஆதாரம் என்ன என்று கோர்ட் கேட்கிறது. இதே கோர்ட்டின் 1701 மார்ச் பதிவேட்டைத் திறந்து பாருங்கள் என்கிறாள். திறந்து வாசித்திருக்கிறார்கள். விடுவித்திருக்கிறார்கள்.

பைபிளில் எழுதியவர் அம்மாவையும் மகளையும் ஒருத்தி ஆக்கிவிட்டார். உயிலில் இருப்பவள் அம்மா, பைபிளில் இருப்பவள் மகள். அம்மா ப்ரூட்டன் வீட்டிலேயே செத்திருக்கிறாள். மகள்தான் கோர்ட்டிலிருந்து நடந்து வந்தவள்.

உங்கள் ஆட்களுக்கு வருத்தமாக இருக்கும் என்றேன்.

“அவள் கேட்டிருக்கிறாள்” என்றார் மிஸ் வெர்னீஸ். “வாயைத் திறந்து கேட்டு, அதை ஒருத்தன் எழுதும்வரை நின்றிருக்கிறாள். அது போதும் எங்களுக்கு.”

ஜன்னலைச் சாத்திய பிறகும் வெகு நேரம் அங்கேயே நின்றேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

பிப்ரவரி 3, ஞாயிறு

காலையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன். சொந்தத் தம்பியிடம்.

“தம்பி, என் பாஸ்போர்ட் வேணும்.”

எதற்கு என்றான். ஊருக்குப் போக வேண்டும், லீவு இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது என்றேன். பேங்க் லாக்கரில் இருக்கிறது, இப்போது என்ன அவசரம், குளிர் குறையட்டும் என்றான். விருப்ப ஓய்வுக் கடிதத்தைப் பார்த்தேன் என்றேன்.

அவன் தோசையைப் பிட்டபடி இருந்தான். ஸ்வர்ணாதான் முதலில் பேசினாள். “அக்காவே எழுதிக் குடுத்தாங்கன்னு சொன்னீங்க? இங்கயே இருந்துடறேன்னு அவங்களே சொன்னதா சொன்னீங்க?”

கபிலன் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தான். என்னைப் பார்த்து, “அங்க போயி யாருக்காகக்கா இருக்கப் போற? வீட்ல யாரு இருக்கா? இங்க ஒரு கொழந்த ஒன் மடியில வளருது” என்றான். அவன் குரல் கம்மியது. நடிப்பு இல்லை.

“நான் வேலைக்குப் போறேன் தம்பி” என்றேன்.

அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். ஸ்வர்ணாவும் பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து பாஸ்போர்ட்டை என் முன்னால் வைத்தாள். அவர்கள் படுக்கையறை அலமாரியில், சட்டைகளுக்கு அடியில் இருந்ததாம். லாக்கர் என்று ஒன்று அவர்களுக்கு இல்லையாம்.

“எனக்குத் தெரியாதுக்கா” என்றாள். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொள்ளாமல் இருப்பது அவளுக்கு வசதியாகவும் இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தானே இருந்தது.

மணியின் நாலு எண்களையும் சொன்னாள். நிறைமதி பிறந்த தேதி.

பிப்ரவரி 5, செவ்வாய்

விருப்ப ஓய்வு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதினேன். பெறுநர், அனுப்புநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. மூன்று தடவை வாசித்த பிறகு கையெழுத்து. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்கதவைத் திறந்து, மிஸ் வெர்னீஸின் காரில் தபால் நிலையம் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஜெபராணிக்குப் படமும் அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 14, வியாழன்

ஜெபராணி கூப்பிட்டாள். மாவட்ட அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்களாம். மார்ச் ஒன்றாம் தேதி நேரில் வந்து பணியில் சேர வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் சிக்கல்.

கபிலன் பதினொரு நாளாக என்னோடு பேசுவதில்லை. டேகேர் பார்க்க ஸ்வர்ணா மட்டும் போய் வந்தாள். சாப்பாட்டை மேசையில் வைத்தால் சாப்பிடுகிறான்.

பிப்ரவரி 20, புதன்

நிறைமதி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இரண்டு நொடி. யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு அவள் அம்மா முன்னால் நிற்கட்டும், முதல் தடவையாக.

பிப்ரவரி 24, ஞாயிறு

விமான நிலையத்துக்கு மிஸ் வெர்னீஸ் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. காலையில் கபிலன் என் பெட்டிகளை எடுத்துத் தன் காரில் வைத்துவிட்டான். மிஸ் வெர்னீஸ் தன் வாசலில் நின்று கையசைத்தார். கல்லில் உண்ணாமலை என்ற பெயரையும் அவள் மகள் பெயரையும் சேர்த்தே வெட்டச் சொல்லிவிட்டாராம். அரசகுமாரிக் கட்சிக்காரர்கள் கோபமாக இருக்கிறார்களாம். இருக்கட்டும் என்றார்.

ஒரு மணி நேர வழி. பாதி தூரம் போயிருப்போம். கபிலன் நேராகப் பார்த்து ஓட்டியபடியே, “போகணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்றான்.

“நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல” என்றேன்.

விமான நிலையம் வந்துவிட்டது. உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன். காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். பதினாலு வயதில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தபோது நின்ற மாதிரி. திரும்பி ஓடிவிடுவேனோ என்று பயந்து, வேகமாக வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 1, வெள்ளி

பணியில் சேர்ந்தேன். முற்பகல்.

மார்ச் 3, ஞாயிறு

நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. பால் கலக்க எழுந்து, அடுப்படி வரை போன பிறகுதான் யாருக்கு என்று உறைத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவன் கேட்டது நியாயமான கேள்விதான். இங்கே யாரும் இல்லை.

மத்தியானம் ஸ்வர்ணா படம் அனுப்பியிருந்தாள். குழந்தை சோபாவைப் பிடித்து நிற்கிறாள். கபிலன் பின்னால் இரண்டு கைகளையும் விரித்து உட்கார்ந்திருக்கிறான்.

மூன்று மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று யோசிக்கவில்லை. பேருந்து நிலையத்தில் மல்லிப்பட்டினம் வண்டி நின்றுகொண்டிருந்தது, ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். கடற்கரையில் வலையை மடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்று கேட்டாள். யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா வந்தேன் என்றேன். அப்படியா என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு, எனக்குப் போகத் தோன்றியபோது எழுந்து வந்தேன்.